எப்போதும்வென்றானில் குச்சி பிடிக்கப் பழகிய ஆறு நாட்கள்

ஜப்பானுக்குப் போகிற நண்பர்கள் சிலர், அந்தச் சாப்பாட்டுக் குச்சியை எப்படிப் பிடிப்பது என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் ஜப்பானுக்குப் போனதே இல்லை. குச்சி பிடிக்கப் பழகியது எங்கள் கரிசல் காட்டில், மாட்டுத் தொழுவத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து. 1983-ஆம் வருடம், பங்குனி மாதம். இறந்துபோன அண்ணனின் எலும்பை எடுப்பதற்காகப் பழகினேன். சாப்பிட்டதெல்லாம் அதற்கான பயிற்சி. கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, ஆகவே போன வழியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் ராமசுப்பு என்னைவிட ஆறு வயது மூத்தவன். சரக்குக் கப்பலில் இஞ்சின் வேலை. கோபே துறைமுகத்தில் கப்பல்காரர்கள் சாப்பிடும் கேன்டீனில் வேலை பார்த்த நோரிகோ என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்த விஷயத்தை 1980-இல் ஒரு கடிதத்தில் எழுதினான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், "இனிமே இந்த வீட்டுக்கு எழுதாண்டாம்னு எழுதுலே" என்றாள். ஒரு வார்த்தையைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை, அப்படியே எழுதிப் போட்டேன். கொஞ்சம் மழுப்பி எழுதியிருக்கலாம். எனக்கு அப்போது அந்தப் புத்தி வரவில்லை, அதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அண்ணன் அதற்குப் பிறகு எழுதவே இல்லை. 1982 மார்கழியில் தந்தி வந்தது. மஞ்சள்காமாலை முற்றி, கோபே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான்.

மூன்று மாதம் கழித்து, பயணச்சீட்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு, அந்த நோரிகோ மதினி அவன் எலும்போடு வந்தார்.

நான் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மெட்ராஸ் ரயில் காலை 7.40-க்கு வரவேண்டும், வந்தது 8.35-க்கு. சாம்பல் நிறப் பாவாடையும் சட்டையும் போட்டு, வெள்ளைத் துணியில் முடிந்த ஒரு சதுரப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினார். முப்பது வயது இருக்கும். நான் பெட்டியை வாங்கக் கை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை. குனிந்து வணங்கிவிட்டு, "தம்பி, சாப்டியாலே?" என்றார். அண்ணனிடம் கற்ற தமிழ். அதன் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் இருவருக்கும் பாதி பாதி தெரிந்த ஆங்கிலத்தில்தான்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் 15 கிலோமீட்டர், 45 நிமிடம். அங்கே ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்து தூத்துக்குடி பஸ் பிடித்தால், எங்கள் ஊர் எப்போதும்வென்றான் இன்னொரு 17 கிலோமீட்டர். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஆளுக்கு இரண்டு ரூபாய் எழுபது பைசா ஆனது. இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடமில்லை. நடத்துனர் வந்து, "அண்ணாச்சி, அவிய கையில இருக்க பெட்டிய மேல வைக்கச் சொல்லுங்க. எத்தன பேரு நிக்காவ, பாக்கீங்கள்லா?" என்றார்.

"அது எங்க அண்ணன்" என்றேன்.

அவருக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் முன் இருக்கையில் இருந்த ஒரு பருத்தி மூட்டையைத் தூக்கித் தன் காலடியில் போட்டுக்கொண்டு, "அங்கன உக்காரச் சொல்லுங்க" என்றார். மதினி ஊர் வரும்வரை பெட்டியை மடியில் வைத்தபடி சன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். அந்த மாதத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண், இலை உதிர்ந்து பஞ்சு மட்டும் தொங்கும் பருத்திச் செடிகள், உடைமரங்கள்.

சாலையில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் வீடு. அம்மா வாசலில் நின்றாள். "அத வீட்டுக்குள்ள கொண்டாரப்படாதுன்னு சொல்லுலே" என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. எங்கள் பக்கம் சுடுகாட்டு எலும்பு வீட்டுப் படி ஏறாது, துணியில் கட்டி மரத்தில் தொங்கவிட்டு ஆற்றுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். நான் தயங்கித் தயங்கி மதினியிடம் சொன்னேன். அவர் ஊரிலோ, எலும்பு வைத்த கலயத்தை வீட்டுக்குள்ளேயே வைத்து அதற்குச் சோறும் தண்ணீரும் வைப்பார்களாம். ஆனாலும் அவர் படி ஏறவில்லை. தொழுவத்தில் ஒரு மூலையைக் கூட்டி, பெட்டியை அங்கே வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் வந்து படுங்கள் என்று எவ்வளவு சொல்லியும் வரவில்லை.

மறுநாள் காலை, தான் வந்த காரியத்தைச் சொன்னார். எலும்பையெல்லாம் நாங்கள் ஆற்றில் கரைத்துக்கொள்ளலாம். கழுத்தெலும்பில் ஒரே ஒரு துண்டு மட்டும் அவருக்கு வேண்டும், அங்கே குடும்பக் கல்லறையில் வைக்க. அதைக் கையால் எடுக்கக்கூடாது. சொந்தக்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு ஜோடிக் குச்சியால் ஒரே எலும்பைச் சேர்ந்து பிடித்துத் தூக்கிக் கலயத்தில் வைக்கவேண்டும். அவனைப் பெற்றவளோடு சேர்ந்து எடுக்கவேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "பாதி அங்கன, பாதி இங்கனயா? அவன் எங்கன போயி நிப்பான்? எல்லாம் ஆத்துக்குத்தான்" என்று எழுந்து போய்விட்டாள்.

அம்மா இறங்கி வருகிறவரை நானாவது பழகி வைக்கலாம் என்று தொடங்கினேன். மதினியிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி. பருத்திமார் என்கிற காய்ந்த பருத்தித் தண்டுகளில் நேரான குச்சிகளாகப் பார்த்து ஒடித்து, பட்டையைச் சீவி, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிக்கொண்டேன். கேட்ட நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: கீழ்க்குச்சி கட்டைவிரல் சந்தில் படுத்து, மோதிர விரலில் தலை வைத்துக் கிடக்கவேண்டும். அது அசையவே கூடாது. மேல்குச்சியைப் பேனா மாதிரி பிடித்து, அதை மட்டும் ஆட்டவேண்டும். இரண்டையும் ஆட்டினால் எதுவும் நிற்காது. முதல் நாள் பஞ்சு எடுத்தேன். இரண்டாம் நாள் காராச்சேவு. அவித்த கடலைக்கு வந்ததும் மானம் போனது, பாதி கடலை மாட்டுக்குத்தான் போயிற்று. குதிரைவாலிச் சோறு உதிரி உதிரியாக விழும், ஆரம்பத்தில் அதைத் தொடாதீர்கள்.

இதையெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "கை இருக்கயில குச்சி எதுக்கு, கூத்து" என்று சத்தமாகவே சொன்னாள். ஆனால் மூன்றாம் நாள் காலையில் என் குச்சிகளைக் காணோம். தேடிப் போனால், அம்மா உரலுக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டைப்பயறை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட விழவில்லை. நாற்பது வருடமாக, வெடித்த காயின் முள் குத்தாமல் பஞ்சை மட்டும் உருவி எடுத்த விரல்கள். நான் இரண்டு நாளாகக் குட்டிக்கரணம் போட்டும் வராதது அவளுக்கு ஒரு பொழுதில் வந்துவிட்டது. நான் பார்த்ததைப் பார்த்து, "என்னலே முழிக்க? போய் வேலையப் பாரு" என்றாள்.

நான்காம் நாள் மத்தியானம் அம்மா தட்டோடு தொழுவத்துக்கே வந்து மதினிக்கு எதிரே உட்கார்ந்தாள். அதுவரை மதினியின் முகம் பார்த்துப் பேசியிருக்கவில்லை. வறுத்த கருவாட்டில் முள் நீக்கி, நல்ல சதையாக ஒரு துண்டைக் குச்சியால் எடுத்து, மதினியின் குச்சிக்கு நேரே நீட்டினாள். நம் வீடுகளில் அதற்கு மேல் ஒரு மாமியார் என்ன சொல்லிவிட முடியும்? எனக்கு அப்படியொரு சந்தோஷம். மதினியும் குச்சியை நீட்டினார். இரண்டு குச்சிகளும் தொடப்போகிற நேரத்தில் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். கருவாடு மண்ணில் விழுந்தது.

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "பாத்தியாலே? நான் கொடுத்தா வாங்கமாட்டாளாம்" என்று எழுந்தவள், பருத்தி எடுக்கும் மடித்துணியைக் கட்டிக்கொண்டு அந்த வெயிலில் பருத்திக் காட்டுக்கு நடந்துவிட்டாள்.

மதினி மண்ணில் கிடந்த கருவாட்டைப் பொறுக்கி இலையில் வைத்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கோபமாகவே கேட்டேன். அவர் ஊரில் குச்சியிலிருந்து குச்சிக்கு எதையும் கொடுக்கமாட்டார்களாம், வாங்கவும் மாட்டார்களாம். எரித்த பிறகு எலும்பு எடுக்கும்போது மட்டும்தான் இரண்டு பேரின் குச்சிகள் ஒரே பொருளைத் தொடும். சாப்பாட்டில் அதைச் செய்வது சாவைக் கூப்பிடுவது மாதிரி. சொல்லி முடித்துவிட்டு, கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னார். அவர் தன் வீட்டாரோடும் இந்தக் கல்யாணத்தால் ஒட்டில்லாமல் போனவர். எரித்து எலும்பு எடுத்த அன்றைக்கு அங்கே அண்ணனுக்குச் சொந்தம் என்று வேறு யாரும் இல்லை. குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாதான் மறுமுனையைப் பிடித்தாராம். அந்த அம்மாவுக்கு அண்ணனின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

காட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பருத்தி எடுப்பதை நிறுத்தவில்லை. ஒரு நிரை முடிந்த பிறகு கேட்டாள்.

"அவனுக்கு எலும்பு எடுக்கச்ச சொந்தத்துல ஒரு ஆளு இல்லியா?"

"இல்லம்மா."

"எப்பிடி இருக்கும்? நாமதான் எழுதாண்டாம்னு சொல்லிட்டோமே." அதைச் சொல்லிவிட்டு அந்தச் செடியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தந்தி வந்த நாளில்கூட அம்மா அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனாள். "ஏட்டி, எந்திரி. அவனத் தூக்கிட்டு உள்ள வா" என்றாள். நான் மொழிபெயர்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. படியேறக் கூடாது என்று சொன்னவளே நடுவீட்டில் புது வேட்டியை விரித்தாள்.

மதினி எலும்புகளை வேட்டியில் பரப்பினார். வெண்மையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தன. கழுத்தெலும்பை அவர் காட்ட, அம்மா ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகக் குச்சி வைத்துப் பிடித்தார்கள். தூக்கிய நேரத்தில் அம்மா ஏதோ சொன்னாள். அண்ணனைச் சின்ன வயதில் கூப்பிடும் பெயர் அது. ஒரு சாண் உயரம் தூக்கி, மதினி கொண்டுவந்திருந்த சிறு கலயத்தில் வைக்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. விழவில்லை. அடுத்து, ஆற்றுக்குப் போகிற எலும்புகளில் ஒன்றை நானும் மதினியும் எடுத்தோம். என் கீழ்க்குச்சி ஆடி, எலும்பு நழுவி வேட்டியில் விழுந்தது. நான் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். "மண்ணுலயா விழுந்துது? துணியிலதான கெடக்கு. எடுலே" என்றாள் அம்மா. எடுத்தேன்.

ஆறாம் நாள் தூத்துக்குடி வழியாக முறப்பநாடு போனோம். வீட்டிலிருந்து தூத்துக்குடி 30 கிலோமீட்டர், அங்கிருந்து 33. காலை ஆறரைக்குக் கிளம்பிப் பத்தரைக்குச் சேர்ந்தோம். பங்குனியிலும் தாமிரபரணியில் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. கரைத்துவிட்டு, தூத்துக்குடி திரும்பி, ரயிலில் மணியாச்சி வந்து மெட்ராஸ் வண்டிக்காக இரண்டு மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே அம்மா மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "எனக்கும் இவ வந்துதான் எடுக்கணும்னு சொல்லுலே. நீயும் அவளுமா எடுங்க." சொன்னேன். மதினி எழுந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்து, "வாரேன்" என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இப்போது எட்டயபுரம் வழியாகப் பஸ்ஸுக்குக் குறைவில்லை, சாலையும் நான்கு வழியாகிவிட்டது. பங்குனி, சித்திரையில் போனால் குடையும் தண்ணீரும் இல்லாமல் இறங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து அஸ்தி கொண்டுவருகிறவர்கள் இறப்புச் சான்றிதழையும் தூதரகக் கடிதத்தையும் கையிலேயே வைத்திருங்கள், சாமான் பெட்டியில் போட்டுவிட்டு மதினி மெட்ராஸில் ஒரு பகல் முழுக்க அலைந்தார். ஜப்பானில் குச்சியால் சாப்பிட நேர்ந்தால், சோற்றில் அதைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், எதிரில் இருப்பவரின் குச்சிக்கு எதையும் கொடுக்காதீர்கள். அன்பு காட்டத் தோன்றினால் தட்டில் வையுங்கள். வீட்டில் யாராவது கோபத்தில் ஒரு கடிதம் எழுதச் சொன்னால், எழுதுகிறவர் ஒரு நாள் தாமதிக்கலாம். இதை நான் யாருக்கும் புத்திமதியாகச் சொல்லவில்லை. நான் செய்யாமல் விட்டது அது.

அம்மா 1988 ஆவணியில் போய்ச் சேர்ந்தாள். கோபேக்குத் தந்தி கொடுத்துவிட்டு, எலும்பையெல்லாம் ஊர் வழக்கப்படி ஆற்றில் கரைத்தேன். ஒன்றை மட்டும் துணியில் முடிந்து வேப்பமரத்தில் கட்டி வைத்தேன். பங்காளிகள் ஏசினார்கள், ஏசட்டும் என்று இருந்துவிட்டேன். மதினி பன்னிரண்டாம் நாள் வந்து சேர்ந்தார். நடுவீட்டில் வேட்டி விரித்து, நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தூக்கினோம். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. சின்ன எலும்புதான், அதிலும் பாதிக் கனம்தான் என் கையில் இருந்தது. மீதியை இன்னொருவர் பிடித்திருக்கிறார் என்று கைக்குத் தெரிந்ததும் அழுதுவிட்டேன்.