பஸ் பாஸில் இருந்து உரித்த போட்டோ

கரியமாணிக்கத்தில் சுகன்யா வீட்டுக்கு வரும் போட்டோக்களில் பாதி, செத்துப்போனவர்களுடையவை. பழைய படத்தை ஸ்கேன் பண்ணி, கறை நீக்கி, கப்பிலோ தலையணையிலோ அச்சுப் போட்டுத் தருவாள். பி.காம் படித்தவள். மகள் பிறந்தபின் வெளி வேலைக்குப் போக முடியாமல் முன்னறையிலேயே ஆரம்பித்த தொழில். கணவன் மணிவண்ணன் கம்பெனிக்குப் போய்விட்டால் பகலில் அவள் தனிதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அயர்ன் பண்ணிய சட்டை போட்ட ஒருவன் பைக்கில் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். தன் படம் ஒன்று, ஒரு பெண்ணின் சின்னப் படம் ஒன்று, இரண்டையும் மேஜைமேல் வைத்தான்.

"ரெண்டு பேரையும் மாலையும் கழுத்துமா சேத்துத் தலகாணில போட்டுக் குடுங்கக்கா. கீழ பதினெட்டாந்தேதின்னு இருக்கணும்."

"கல்யாணமா தம்பி? பொண்ணு இன்னா ஊரு?"

"பொண்ணுக்கே இன்னும் தெரியாதுக்கா. சர்ப்ரைஸ்."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஸ்கேன் பண்ணித் திரையில் பெரிதாக்கியபோதுதான் சுகன்யா பார்த்தாள். படத்தின் மூலையில் ஊதா நிறத்தில் கால்வட்டச் சீல். திருப்பினால், காய்ந்த பசையோடு மஞ்சள் அட்டை பிய்ந்து ஒட்டியிருந்தது. யாரும் ஆசையாகக் கொடுத்த படமில்லை, எதிலிருந்தோ உரித்தது. முகமும் தெரிந்த முகம். தினமும் காலையில் நர்சிங் படிக்க பஸ் ஏறுகிற பெண்.

நாம் தலையிட்டால் அவன் சும்மா விடுவானா? வீடு தெரியும், தனியாக இருப்பதும் தெரியும். கணவனிடம் சொன்னால் 'நமக்கெதுக்கு வம்பு' என்பான். சொல்லவில்லை.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணிடம், அவன் கொடுத்த இரண்டு படங்களையும் போனில் காட்டினாள். பிரியதர்ஷினி என்ற அவள் அப்படியே வெளிறிப் போனாள்.

"என் பஸ் பாஸ்ல இருந்த போட்டோக்கா. போன மாசம் பஸ்ல பாஸ் காணாமப் போச்சு. அவன்தான் எடுத்திருக்கான். வேணாம்னு ரெண்டு வாட்டி சொல்லிட்டேன். பதினெட்டாந்தேதி தூக்கினு போய்டுவேன்றான்."

"வூட்ல சொன்னியா?"

"சொன்னா படிப்ப நிறுத்திடுவாங்கக்கா."

சுகன்யாவுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. "வா, நானே சொல்றேன்" என்று வாய் மட்டும் சொன்னது.

அப்பா சிங்காரவேலு கரும்பு வைத்திருப்பவர். கேட்டதும் மகள்மேல்தான் பாய்ந்தார். "நாளைலேர்ந்து எங்கயும் போவாத!"

"அவ இன்னாண்ணா தப்பு பண்ணா? திருடனது அவன். சீலோட ஸ்கேன் எங்கிட்ட இருக்கு" என்றாள் சுகன்யா. சிங்காரவேலு அவள் போனை வாங்கி அந்தச் சீலைப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார். மூவரும் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை அவன் தலையணை வாங்க வரும்போது பிடிப்பதாகப் போலீஸ் சொன்னது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன் என்றவன் மூணு மணிக்கே வந்து நின்றான். உள்ளே மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ரெடியாக்கா?"

"பிரிண்டர் மக்கர் பண்ணுது தம்பி. ஒக்காரு, தண்ணி கொண்டாரேன்."

சமையலறையில் சிங்காரவேலுவுக்கு போன் போட்டு, "வந்துட்டான்" என்ற ஒரே வார்த்தையைக் கிசுகிசுத்தாள். திரும்பி வந்தபோது அவன் திரைக்கு முன்னால் நின்றிருந்தான். அதில் அந்த ஊதா சீல் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது.

"இத எதுக்கு இவ்ளோ பெருசு பண்ணி வெச்சிருக்க?"

"கறைன்னு நெனச்சேன். அழிக்கத்தான்..." டம்ளரிலிருந்து தண்ணீர் அவள் புடவையில் கொட்டியது. அவன் அவள் கையைப் பார்த்தான், பிறகு முகத்தை. வாசல் கதவை மெதுவாகச் சாத்தினான்.

"யார்னா கேட்டாங்களா?"

அவள் நகர்ந்து, மகள் தூங்கும் அறையின் வாசலை மறித்து நின்றாள். உள்ளே மகள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அதற்குள் வாசலில் ஜீப் நின்றது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு முன்னால் சிங்காரவேலு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

அவன்மேல் கேஸ் போட்டார்கள். பிரியதர்ஷினி படிப்பை விடவில்லை. ஒரு மாதம் அவள் அம்மா கூடவே பஸ்ஸில் போய் வந்தாள். சுகன்யா மூன்று வாரம் யாருக்கும் கதவு திறக்கவில்லை. மணிவண்ணன் முதலில் திட்டினான், பிறகு லீவு போட்டு இரும்பு கிரில் வைத்தான்.

ஜாமீனில் வந்தவனை ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தாள். மளிகைக் கடைக்குள் நுழைந்து, அவன் தாண்டிப் போகும்வரை பருப்பு மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்க, தேவையே இல்லாமல் அரைக் கிலோ உளுந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.