அழிந்துபோன தோணி விளையாட்டு

கற்பிட்டியில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவன் நான். கணினி படித்தவன் அல்ல. புத்தகம் பார்த்து, பிழைவிட்டு, நானாகவே கற்றுக்கொண்டேன். விடியற்காலைச் சுபஹுத் தொழுதுவிட்டு வேலைக்குப் போகும்வரை கிடைக்கும் இரண்டு மணித்தியாலத்தில், ஒன்றரை வருடமாக ஒரு விளையாட்டு எழுதினேன். கடல்நீர்க் களப்பில் ஒரு தோணி. வலைகளில் சிக்காமல் அதைக் கரைசேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அதை நான் எழுதியது பழைய காலத்துக் கணினி ஒன்றுக்காக. விசைப்பலகைக்குள்ளேயே முழு இயந்திரமும் இருக்கும். தொலைக்காட்சியில் பொருத்த வேண்டும். மடிக்கணினியில் எழுதியதை ஒரு வயர் வழியாக, கசெட் பாட்டுப்போல ஒலியாக மாற்றி அதற்குள் அனுப்புவேன். அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டால் மனைவி குசினிக் கதவைச் சாத்திவிடுவாள்.

ஆனாலும் தோணியை வரைந்தது அவள்தான். கட்டக் கொப்பியில், பென்சிலால்; ஒரு கட்டம் திரையில் ஒரு புள்ளி. தோணி நகரும்போது பின்னால் ஒரு கோடு திரையில் தங்கிக்கொண்டே வந்தது. மூன்று கிழமை தேடியும் காரணம் பிடிபடவில்லை. ஒரு நாள் தேத்தண்ணியோடு வந்தவள் கொப்பியை எடுத்து எண்ணினாள்.

"நீங்க பதினாறு கட்டம் எண்டுதானே சொன்னீங்க? நான் பதினேழு கீறியிரிக்கன்."

தோணி நகரும்போது பழைய இடத்தில் பதினாறு புள்ளியைத்தான் என் நிரல் அழித்துக்கொண்டு வந்தது. கடைசிக் கட்டத்தை அழித்தோம். கோடு மறைந்தது. அந்தக் காலை இருவரும் மாறிமாறி விளையாடினோம். வேலைக்குப் பிந்திப் போனேன்.

அடுத்த மாதமே பழைய கணினியின் படம் வரிவரியாகக் கிழிந்தது. திறந்து பார்த்தேன். உப்புக்காற்றில் உள்ளே எல்லாம் பச்சை பூத்திருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்தேன். மூன்று நாள் ஓடி, நின்றுவிட்டது. அதன்பின் மடிக்கணினியிலேயே எழுதி, அதிலேயே, பழைய கணினிபோல நடக்கும் ஒரு மென்பொருளில், ஓட்டிப் பார்த்தேன்.

ஒரு காலை கரண்ட் போய் வந்தது. பற்றரி எப்போதோ செத்துப்போன மடிக்கணினி அதன்பிறகு எழும்பவில்லை. உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம் மட்டும். நான் பதறவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் பென்டிரைவில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். அதைத் தொழிற்சாலைக் கணினியில் போட்டுத் திறந்தேன். ஒன்றுமில்லை. கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஷோர்ட்கட் குறியை மட்டும்தான் இத்தனை வெள்ளியும் பிரதி எடுத்திருக்கிறேன். கோப்புகளை அல்ல. கதிரையில் அப்படியே இருந்தேன்.

புத்தளத்தில் கணினி திருத்துபவரிடம் கொண்டுபோனேன். அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, அண்ணனை அழைப்பதுபோல நானா என்று அழைத்துச் சொன்னார்.

"டிஸ்க் முடிஞ்சி, நானா. உள்ளுக்குக் கீறிட்டு. கொழும்புக்கு அனுப்பினாலும் எடுக்க ஏலா. ஒபிஸ் வேலையா?"

"இல்ல. ஒரு கேம். நானே எழுதினது."

"கேம்தானே," என்றார், ஆறுதலாக.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினாள்.

"திரும்ப எழுதுங்களே. உங்கட தலையில இரிக்கிதானே."

வேறொரு பழைய மடிக்கணினி வாங்கி உட்கார்ந்தேன். தலையில் இல்லை. தோணி வலையில் பட்டதை எப்படி அறிந்தேன், வலைகளை எப்படி வேகம் மாற்றி நகர்த்தினேன், எதுவும் வரவில்லை. எழுதும்போது புரிந்தவை எழுதியபின் என்னிடம் தங்கவில்லை. பதினொரு நாளில் ஒரு தோணி திரையில் வந்தது. அதுவும் நடுங்கிக்கொண்டே நின்றது. ஏனென்று தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் நான் மூடியைத் திறக்கவில்லை.

"இண்டைக்கு எழுதல்லையா?" என்று கேட்டாள்.

"ஏலா."

"ஓம்," என்றாள். அதன்பின் அவள் கேட்கவில்லை.

வேலைத்தளத்தில் இதைச் சொல்ல முடியாது. புயலில் சொந்தத் தோணியையே இழந்து, பிறர் தோணியில் கடலுக்குப் போகும் மீனவர்கள் எங்களிடம் ஐஸ் எடுக்க வருகிறார்கள். இப்போது சுபஹு முடிந்ததும் மறுபடி படுத்துவிடுகிறேன். நித்திரை வருவதில்லை. வேலைக்கு நேரமாகும்வரை கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன்.