பிழைப்போம் காக்கா

"அகமதுலெவ்வை முகம்மது ஹனிபா என்பவர் வபாத்தானார்" என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தபோது, நான் தேத்தண்ணிக் கடையில் இரண்டாவது வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடையிலிருந்த எல்லாரும் முறைப்படி "இன்னாலில்லாஹி" சொன்னோம். முகத்தையும் முறைப்படி வாடவிட்டோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். யார் இந்த ஹனிபா?

"சம்மாந்துறை றோட்டு ஹனிபா ஹாஜியாரா இரிக்கும்."

"அவர் இப்பதானே சூரை மீன் வாங்கிட்டுப் போறார்."

"அப்ப பொலிசுல இருந்த ஹனிபா."

"அவர் மௌத்தாகி மூணு வருசம். ஒரு மனிசன் எத்தின தரம் மௌத்தாகிற?"

காசு மேசையிலிருந்த முதலாளிதான் தலையில் அடித்துக்கொண்டார். "அட அல்லாவே! நம்மட பிழைப்போம் காக்காடா!"

அதன் பிறகுதான் கடைக்குள் மௌத்து வந்தது. நான் வடையைக் கீழே வைத்தேன். நாலு வருடம் ஒரே மர வாங்கில் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவன் நான். இந்தக் கரையில் உள்ள பாதிப் பேரின் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்த மனிதருக்கும் ஒரு முழுப் பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

'பிழைப்போம்' என்ற பட்டத்தை அவருக்கு வைத்தவன் நானே. அது எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்த இடத்துக்குப் போவதை எவ்வளவு சுற்றுவழியில் தள்ளிப்போடலாமோ அவ்வளவு தள்ளிப்போடுவேன். அவரை அறிந்தவர்கள் என்னையும் அறிவீர்கள்.

எழுபதுகளின் கடைசி அது. கூப்பன் அரிசி நின்றது. இல்லாதவர்களுக்கு மட்டும் உணவு முத்திரை என்றார்கள். கப்பலில் வந்த மலிவுச் சீலைகளோடு மல்லுக்கட்ட முடியாமல் மருதமுனையில் தறிகள் ஒவ்வொன்றாகச் சத்தமடங்கின. ஊருக்குத் தொழில் இல்லாமற் போனது எங்கள் இருவருக்கும் தொழிலாக அமைந்தது. கல்முனையில் அரசாங்கக் கந்தோருக்கு எதிரே, பூட்டிக் கிடந்த சீலைக் கடையின் வாசலில் ஒரு வாங்கு. அதன் ஒரு தலைப்பில் அவர், மறு தலைப்பில் நான். எழுதத் தெரியாதவர்களுக்குப் போம் நிரப்பிக் கொடுப்போம். படிவம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். வயிற்றுக்காக வந்த நாளிலிருந்து அது போம்தான். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட; அண்ணன் முறையில் காக்கா. என்னிடம் உயர்தரச் சான்றிதழ் இருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வருகிறவர்களுக்குத் தெரியும்படி வாங்கில் வைத்திருப்பேன். சனம் சான்றிதழைப் பார்த்துவிட்டு அவரிடம் போகும்.

ஏன் அவரிடம் போனார்கள் என்பதை நான் ஒரு மாதம் உளவு பார்த்துக் கண்டுபிடித்தேன். முத்திரைப் போமில் வருமானம் என்றொரு பெட்டி உண்டு. அதைப் பற்றி அவர் ஆண்களிடம் பேசவே மாட்டார். "வருமானத்த ஆம்பிளையிட்டக் கேக்காத தம்பி. அவன் அல்ஹம்துலில்லாஹ் எண்டு செல்லிருவான். அல்லாவப் பத்திக் குறை சொல்ல அவனுக்கு வாய் வராது. அடுப்படியில கேள்" என்பார். கூட வந்திருக்கும் மனைவியிடம் திரும்பி, "நேத்து ராவைக்கு என்ன புள்ள ஆக்கின?" என்று கேட்பார். மரவள்ளிக் கிழங்கு என்றால் ஒரு கணக்கு. கிழங்குக்குத் தேங்காய் இல்லை என்றால் வேறு கணக்கு. "ஆக்கல்ல காக்கா" என்று தரையைப் பார்த்தால், அவர் எழுதிவிட்டுப் போமை ஊதிக் காயவைப்பார்.

கள்ளரையும் அவருக்குத் தெரியும். இறக்காமத்துப் பக்கம் வயலும் இரண்டு உழவு இயந்திரமும் வைத்திருந்த ஒரு ஹாஜியார், கிழிந்த சாறனும் வெறுங்காலுமாக வந்து முன்னால் குந்தினார். காக்கா அவருடைய கால்களை நெடுநேரம் பார்த்தார். வெயிலில் கறுத்த பாதத்தில் செருப்பு வார் மறைத்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஹாஜியார், செருப்ப ஊட்ட வெச்சிட்டு வந்த நீங்க, அதுர அடையாளத்தையும் வெச்சிட்டு வந்திரிக்கலாமே."

ஹாஜியார் எழுந்து போன வேகத்தில் வாங்கு ஆடியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காக்கா சிரிக்கவில்லை. "அவர் எடுத்தா இன்னொருத்தன்ட பேர் போகும்டா" என்றார்.

சரி, இனிச் சுற்ற வழியில்லை.

சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள் கந்தோர்ப் பக்கம் வருவதில்லை. தொழில் நாளில் வந்தால் பங்கு போய்விடும். ஆகவே காக்கா என்னையும் இழுத்துக்கொண்டு கரைக்கே போனார். கரைவலைக்கு இரண்டு கயிறு. ஒரு கயிற்றுக்காரரை அவர் எழுதினார், மற்றதை நான். இழுக்கிறவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னுக்கு நடப்பார்கள்; கயிற்றை விட்டுத் திரும்ப முடியாது. நாங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று அலைச் சத்தத்தை மீறிக் கத்திக் கேட்டு எழுதினோம். எழுதுவது யார் என்று அவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

போகுமுன் காக்கா படித்துப் படித்துச் சொன்னார்: "பேரும் பிள்ளைகளும் மட்டும் எழுது. வருமானப் பெட்டிய வெறுமையா உடு. அத ஊடூடாப் போய்ப் பொண்டுகளிட்டக் கேப்பம்."

அப்படித்தான் செய்தேன், ஒருவரைத் தவிர. என் கயிற்றில் கடைசியாக நின்றவர் ஆதம்பாவா. நாலு பிள்ளைகள். அவருடைய குடிசை கரையின் கடைசித் தொங்கலில், முகத்துவாரத்தோடு ஒட்டி. அன்றைக்குக் கல்முனைத் தியேட்டரில் புதுப் படம். பகல் காட்சிக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

"வருமானம் எப்பிடி?" என்று அவருடைய முதுகிடம் கேட்டேன்.

வியர்வை ஓட, கயிற்றைப் பிடித்து இழுத்தபடி அந்த முதுகு சொன்னது: "அல்ஹம்துலில்லாஹ்! அல்லா குறை வைக்கல்ல."

வருமானப் பெட்டிக்குள் 'போதியது' என்று எழுதினேன். நல்ல தமிழ் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். படத்துக்கு எழுத்தோடும் நேரத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

மாரி பிறந்தது. கடல் மலைபோல எழுந்து கிடந்தது. தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. சங்கக்கடைச் சுவரில் முத்திரைப் பட்டியல் ஒட்டினார்கள். மூன்றாம் நாள் ஆசியா உம்மா, ஆதம்பாவாவின் மனைவி, இடுப்பில் கைக்குழந்தையும் தலையில் நனைந்த முக்காடுமாக எங்கள் வாங்கின் முன் வந்து நின்றார்.

"காக்கா, எங்கட கயித்துக்காரர் எல்லார்ட பேரும் செவுத்துல இரிக்கி. எங்கட பேர் மட்டும் இல்ல. நாங்க என்ன பிழ செஞ்ச?"

காக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "நேத்து ராவைக்கு என்ன புள்ள ஆக்கின?" என்று கேட்டார்.

"சோத்துத் தண்ணி. அது பக்கத்து ஊட்டுச் சோறு."

கந்தோருக்குள் ஓடினோம். எழுதுவினைஞர் போமைத் தேடி எடுத்து எங்கள் முன் போட்டார். "போதியது எண்டு நீங்கதானே எழுதித் தந்திரிக்கீங்க. நிரப்பின ஆள், ஊட்டாரிட்டக் கேக்காமப் பிழையா நிரப்பினன் எண்டு ஒப்பம் வெச்சுக் கடிதம் தரட்டும், மேல அனுப்புறன். ஆனா ஒண்டு, கடிதம் பைலில் ஏறும்."

பைலில் ஏறுவது என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கந்தோரில் எழுதுவினைஞர் வேலைக்கு ஆள் எடுக்கும் பட்டியல் அந்த மாதம்தான் மேலே போயிருந்தது. அதில் அவருடைய பெயரும் இருந்தது, என்னுடையதும் இருந்தது. பொய்ப் போம் நிரப்பினவன் என்று ஒரு கடிதம் போதும், பெயரை வெட்ட.

வெளியே வந்து வாங்கில் குந்தினோம். மழை. அவர் கடதாசியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நீ எழுதிறியா, நான் எழுதவா?"

"என்ட பேர் லிஸ்ட்ல இரிக்கி காக்கா."

"என்டயும்தான் இரிக்கி."

நான் மழையைப் பார்த்தேன். மழையில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. பேனா கடதாசியில் ஓடுகிற சத்தம் கேட்டது. 'வருமானம் என்னும் பகுதியை வீட்டாரிடம் கேளாமல் என் எண்ணப்படி நிரப்பியது என் பிழை' என்று எழுதி ஒப்பமிட்டுவிட்டு எழுந்து போனார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் வெறும் கோழை. மறுநாள் தேத்தண்ணிக் கடையில், "கடல்காரன்ட வயித்துல அடிச்ச ஆள் யாருடா? உங்கட வாங்குலதானாமே" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு நாக்கு எப்போதும் புத்திக்கு முன்னால் ஓடும். "என்னப் பாக்காதீங்க, நான் நல்ல போம். பிழைப் போம் அங்கால தலைப்புல இரிக்கி" என்றேன்.

கடை அதிர்ந்தது. அசர் தொழுகைக்குள் பட்டம் ஊர் முழுவதும் போய்விட்டது. நான் சொன்ன பகிடிகளில் இவ்வளவு காலம் நின்ற பகிடி வேறு இல்லை. அவருடைய காதுக்கும் எட்டியது. "பிழைப்போம்..." என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்ல பேர்தான்டா. கேக்கிறவன் துஆ எண்டு நினைப்பான்."

கடிதம் மேலே போய், கீழே வந்து, ஆதம்பாவா வீட்டுக்கு முத்திரை கிடைத்தபோது மாரி முடிந்து கடல் படுத்துவிட்டது. அதற்குள் அவர்களுடைய மூத்த மகளைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்குப் பத்து வயது. இரண்டு வருடம் கழித்து நோன்புப் பெருநாளுக்கு வந்தவள், சொந்த உம்மாவை, வாய் தவறி, கொழும்பு வீட்டு எசமானியைக் கூப்பிடுவதுபோல் "நோனா" என்று கூப்பிட்டாளாம். இதை எனக்குச் சொன்னவர் காக்கா. ஒருநாளும் குத்திப் பேசாத மனிதர், இதை மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு உத்தியோகம் கிடைத்தது. அவருடைய பெயரை வெட்டினார்கள். றோட்டைக் கடந்து நான் உள்ளே போனேன். அவர் வாங்கிலேயே இருந்தார். நிரப்பிய போம்களைக் கட்டாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "சேர், இதக் கொஞ்சம் பாத்துத் தாங்க" என்பார்.

"காக்கா, என்ன சேர் எண்டு கூப்பிடாதீங்க."

"கந்தோருக்குள்ள நீ சேர். வெளியில வந்தாத் தம்பி."

நான் வெளியில் வருவதைக் குறைத்துக்கொண்டேன்.

எண்பதுகளில் போம்களும் மாறின. முதலில், கைப்பிள்ளையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போகும் பெண்களின் போம். பிறகு எரிந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் நட்டஈட்டுப் போம். பிறகு காணாமற் போன பிள்ளைகளின் போம். வீரமுனைத் தாய் ஒருத்தி வந்தபோது நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். 'கடைசியாகக் கண்ட இடம்' என்ற பெட்டியை நிரப்பிவிட்டுக் காக்கா அவளிடம் கேட்டார்: "மகன் போகக்குள்ள சாப்பிட்டானா அம்மா?" அதற்குப் போமில் பெட்டி கிடையாது. அவள் சொன்னதை ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதினார். ஓரத்தில் எழுதுவது விதிக்குப் புறம்பு என்று மேலதிகாரி அந்தப் போமைத் திருப்பினார். அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தவன் நான். அவர் புதுப் போம் ஒன்றை எடுத்தார்.

மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும் அந்த ஒரு பேனாவில் தங்கியிருந்தார்கள். நெஞ்சுவலியோடு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பஸ் இல்லாத ஒரு நாளில் அவர் மௌத்தானார். ஒரு அரச எழுதுவினைஞர் என்றால் கந்தோர் வாகனம் போயிருக்கும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் மூத்த மருமகன் எழுந்து நின்று வழமைப்படி கேட்டார்: "மாமா உங்களுக்கு ஏதும் பிழ செஞ்சிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கங்க."

என் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். முதுமையில் வளைந்திருந்தாலும் அந்த முதுகு எனக்குத் தெரியும்.

"எங்கட முத்திரைப் போம் விசயத்துல நான் மௌத்தானவரப் பொறுத்துட்டன்" என்றார் ஆதம்பாவா. "நல்ல மனிசன். அந்த ஒரு பிழதான். அல்லாவும் பொறுக்கட்டும்."

பள்ளி முழுவதும் "ஆமீன்" என்றது. என் ஆமீன் எல்லாருடையதையும் விட உரக்கக் கேட்டது. ஆதம்பாவா என் தோளைத் தொட்டு, "நீங்களும் அவரும் ஒரே வாங்குல இருந்தவங்கதானே தம்பி" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வரிசையில் நின்றார். நானும் நின்றேன்.

ஆகவே, அவரை அறிந்தவர்களே, அந்தப் பெட்டியை நிரப்பியவன் நான். பட்டத்தையும் வைத்தவன் நான். காக்கா பிழையாக நிரப்பிய போம் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை, கண்டிருந்தால் பகிடி பண்ணியிருப்பேன்.

அவருடையதில் என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, இந்த உத்தியோகம். மற்றது, அன்றைக்குப் பள்ளியில் அவருடைய பெயருக்கு வந்த மன்னிப்பு. அவருக்கு அது தேவைப்படவில்லை, என்னை நோக்கி அது சொல்லப்படவும் இல்லை. ஆதம்பாவா காக்கா அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்பினால், யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். காலை எட்டரைக்கு நான் கந்தோரில் இருப்பேன்.