சந்தனக் கலர் ஜெர்சி

பாலியெஸ்டர் ரோலைப் பிரிச்சதும் ஒரு வாசம் வரும் பாருங்க… இஸ்திரிப் பெட்டி அடியில பிளாஸ்டிக்கு லேசா உருகுன மாதிரி. அருள்புரத்துல நான் மொதல் மொதல்ல வேலைக்குச் சேர்ந்த பனியன் கம்பெனில சாம்பிள் ரூம் பூரா அந்த வாசந்தான். ஊட்டுக்குப் போயி தலைக்கு ஊத்துனாலும் போகாது.

அப்ப எனக்கு இருபத்திரெண்டு வயசு. குண்டடத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வருவேன். ஸ்போர்ட்ஸ் ஜெர்சி ஆர்டருக்குத் துணி எடுத்துக் குடுக்கறது என்ற வேலை. ரெண்டு விரல்ல தேய்ச்சுப் பாத்தே துணி எத்தனை ஜிஎஸ்எம், எவ்வளவு கனம்னு சொல்லிருவேன். எடை போட்டுப் பாத்தா கிட்டத்தட்ட அதேதான் இருக்கும்.

"இந்தப் புள்ள விரல்லயே தராசு வெச்சிருக்குதுங்க"ம்பாரு கட்டிங் மாஸ்டர்.

அந்தத் திமிரு எனக்கு நெறையவே இருந்துச்சு. இப்ப ஒத்துக்கறதுக்கு என்ன…

ஒரு நாள் மடத்துக்குளம் பக்கத்துல இருந்து ஒரு பி.டி. டீச்சர் சாம்பிள் ரூமுக்கு வந்தாங்க. ஸ்கூல் பொண்ணுங்க கபடி டீமுக்கு ஜெர்சி வேணும். கூடவே டீம் கேப்டன், சரண்யா. பத்தாவது படிக்குது. ஒல்லியா, நெடுநெடுன்னு… கை ரெண்டும் அவ்வளவு நீளம்!

"எட்டி நின்னே தொட்டுட்டு வந்துருவாளுங்க இவ"ன்னு டீச்சருக்குப் பெருமை தாங்கல. வரப்போற மேட்ச்சுல நல்லா ஆடுனா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல எடம் கெடைக்கும், படிப்பும் சாப்பாடும் அங்கயே. இல்லைன்னா பத்தாவதோட ஊட்டுல நிறுத்திருவாங்க. இதையெல்லாம் டீச்சர் அந்தப் புள்ளைய வெச்சுக்கிட்டே சொன்னாங்க. அது தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னுச்சு.

மெரூன் கலர்ல நல்லா கனமான துணி ஒண்ணு டேபிள் மேல கெடந்துச்சு. சரண்யா அது மேலயே கைய வெச்சிருந்துச்சு. நான்தான் அதை நகத்திட்டு சந்தனக் கலர்ல ஒரு மெல்லிசுத் துணிய எடுத்து விரிச்சேன். சின்னச் சின்ன ஓட்டையா, பூ மாதிரி லேசா இருக்கும்.

"மெரூன் வெயில்ல சுடும் கண்ணு. இது காத்தோட்டமா இருக்கும். எடையே இல்ல பாரு."

புள்ள தொட்டுப் பாத்துச்சு. அப்பறம் மாஸ்டரப் பாத்துச்சு. டேபிளுக்கு அந்தப் பக்கம் துணி வெட்டிக்கிட்டு நின்ன ஆம்பளைங்களப் பாத்துச்சு. என்ற பக்கத்துல வந்து மெதுவா…

"அக்கா… இது நனைஞ்சா எப்படிங்க இருக்கும்?"

"வெசயாக் காஞ்சுரும் கண்ணு, கவலையே படாத"ன்னேன்.

சரிங்கன்னு நகந்துருச்சு. நான் சந்தனக் கலர்னு ஆர்டர் சீட்டுல எழுதிட்டேன்.

மேட்ச்சுக்கு நானும் போனேன். நான் எடுத்த துணிய கிரவுண்டுல பாக்கோணும்னு அம்புட்டு ஆசை. புள்ளைங்க வரிசையா எறங்கி வந்தப்ப என்னா அழகுங்கறீங்க!

பத்து நிமிஷந்தான். வேர்க்க வேர்க்க துணி உடம்போட ஒட்டிக்கிச்சு. உள்ள போட்டிருந்த சிம்மியோட பட்டை வரைக்கும் வெளிய தெரிஞ்சுது. கயித்துக்கு வெளிய நின்ன நாலஞ்சு பேரு சிரிச்சுக்கிட்டே செல்லுல படம் புடிச்சாங்க.

சரண்யா அதைப் பாத்துருச்சு.

அதுக்கப்பறம் ரைடு போனப்பெல்லாம் ஒரு கையில ஜெர்சிய முன்னால இழுத்துப் புடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. ஒத்தக் கைய வெச்சு என்ன கபடி ஆடறது? மூணு தடவ போச்சு. மூணு தடவையும் அமுக்கிட்டாங்க. டீச்சர் ஓடிப்போயி செல்லு வெச்சிருந்தவங்கள வெரட்டுனாங்க. ஆனா அந்தப் புள்ள கை அதுக்கப்பறமும் ஜெர்சிய விடல.

தோத்துட்டாங்க.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது, சாம்பிள் ரூம்ல அந்தப் புள்ள என்ன கேட்டுச்சுன்னு. நானும் பொண்ணுதானுங்களே… எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா? ஒரு பிட்டு துணியத் தண்ணியில முக்கி என்ற கை மேல போட்டுப் பாத்திருந்தா தீந்துச்சு. அன்னைக்கு அந்தப் புள்ளைகிட்டப் போயி ஒரு வார்த்தை பேச எனக்குத் தைரியம் வரலீங்க. நேரா பஸ் ஏறிட்டேன். அதை நெனச்சா இன்னைக்கும் என்ற மேலயே வெறுப்பா வருது.

அடுத்த வாரம் பத்து ஜெர்சியும் மெரூன்ல புதுசா தெச்சு, நானே ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போனேன். டீச்சர் ஒம்பதை வாங்கிக்கிட்டு ஒண்ணத் திருப்பிக் குடுத்தாங்க.

"சரண்யா இனி வரமாட்டாளுங்க. பரீட்சை மட்டும் எழுதிக்கட்டும், ஆட்டமெல்லாம் போதும்னுட்டாங்க அவங்க ஊட்டுல."

என்னைத் திட்டியிருந்தாக் கூடப் பரவால்ல. திட்டல.

வருஷம் பல ஓடிருச்சு. இப்ப வேற கம்பெனில துணி செக்‌ஷனே என்ற பொறுப்புல இருக்குது. நனைஞ்சாலும் வெளிய தெரியாத துணி, வேர்வைய உறிஞ்சிக்கற துணி, எல்லாமே வந்துருச்சு. கம்ப்யூட்டர்லயே ஜெர்சியப் போட்டுக் காட்டிடறாங்க. இருந்தாலும் பொண்ணுங்க டீம்னா நான் ஒரு ஜெர்சியத் தெச்சு, நனைச்சு, நானே போட்டுப் பாத்துட்டுத்தான் ஓகே பண்ணுவேன். கூட வேல செய்யற சின்னப் புள்ளைங்க சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும்.

அதோட, டீம் வந்தா ஆம்பளைங்க எல்லாத்தையும் வெளிய அனுப்பிட்டு ரூம் கதவச் சாத்திருவேன். "இப்பச் சொல்லுங்க கண்ணு, எதுனாலுஞ் சொல்லுங்க"ம்பேன். மொதல்ல ஒண்ண ஒண்ணு பாத்துக்கும். அப்பறம் ஒரு புள்ள வாயத் தொறக்கும்… கழுத்து எறங்குதுக்கா, மாசத்துல அந்த நாள்ல வெள்ள டவுசர் வேண்டாங்க்கா… ஒடனே எல்லாம் ஒண்ணாப் பேச ஆரம்பிச்சுரும்.

அதுங்க பேசப் பேச நான் எழுதிக்கிட்டே இருப்பேன். கண்ணு மட்டும் கலங்கும்.

அருள்புரத்து சாம்பிள் ரூமுக்கும் கதவு இருந்துச்சுங்க.