தேவகி மேடமும் என் வலது முழங்காலும்

போன செவ்வாய்க்கிழமை, இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப்போன நேரத்தில் போன் வந்தது. "தேவகி போயிட்டா சார். காத்தால ஏழு மணிக்கு, ஹார்ட் அட்டாக்" என்றார் சபாபதி சார். மாடம்பாக்கத்தில் அக்குபஞ்சர் சிகிச்சை அளித்துவந்த தேவகி மேடத்தின் கணவர். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, பயம். மேடத்திடம் நான் சொன்ன ஒரு பொய்யை இனி யாரிடம் போய்த் திருத்துவேன் என்கிற பயம்.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். படியில் தொங்கியவர்களையெல்லாம் அதட்டி உள்ளே ஏற்றியவன், ஊசி என்றால் மட்டும் தொடைநடுங்கி. நின்று நின்றே வலது முழங்கால் போய்விட்டது. இதயத்தில் வால்வு மாற்றியிருந்ததால் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரையும் சாப்பிட்டு வந்தேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் என் மனைவிதான் என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக மேடத்திடம் அனுப்பினாள்.

கார் ஷெட்டை மறைத்துக் கட்டிய காத்திருப்பு அறையில், கோவளத்திலிருந்து வந்திருந்த மீன்காரம்மா ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் பயத்தைப் பார்த்து இரக்கப்பட்டு யோசனை சொன்னாள். "த பாருண்ணா, இங்கிலீஷ் மாத்திரை துன்றேன்னு மட்டும் சொல்லிடாத. வூட்டுக்கு அனுப்சிடுவாங்க. நான் சுகர் மாத்திரையப் பத்தி வாயே தொறக்கல."

உள்ளே போனதும் மேடம் கேட்ட முதல் கேள்வி, "சாப்டீங்களா சார்? வெறும் வயித்துல ஊசி போட்டா சிலருக்கு மயக்கம் வரும்." அடுத்தது, "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது எடுத்துக்கறீங்களா? பயப்படாம சொல்லுங்க. டாக்டர் குடுத்த மாத்திரைய நான் நிறுத்தச் சொல்லவே மாட்டேன். தெரிஞ்சா எங்க போடலாம், எங்க போடக்கூடாதுன்னு பாத்துப்பேன்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஆனால் என் கண்டக்டர் புத்தி, செக்கிங் இன்ஸ்பெக்டர்கள் இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசிப் பிடிப்பார்கள் என்றது. "ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன்.

என் கண்ணெதிரே புதுப் பாக்கெட்டைப் பிரித்து ஊசிகளை எடுத்தார். தலைமுடி கனம்தான் இருக்கும். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அப்புறம் லேசா ஒரு கனம் தெரியும். சுருக்குனு கரண்டு அடிச்சா உடனே சொல்லிடுங்க" என்றார். எடுக்கும்போது ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணினார். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று வெட்கத்தோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை முழங்கால் வீங்கிக் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. கால் போய்விட்டது, உயிரும் போகப்போகிறது என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். "மாத்திரை சாப்பிடறத அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் மனைவி. "சொன்னேன்" என்றேன்.

அவள் உடனே மேடத்துக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டாள். அன்று சாயங்காலமே மேடம் ஷேர் ஆட்டோ பிடித்து சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். காலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க சொல்லியும் நான் மறந்துட்டேனா சார்?"

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம் மேடம்" என்றேன்.

பதினைந்து நாளில் வீக்கம் வடிந்தது. மேடத்துக்குப் பிடித்த பயம் வடியவில்லை. முழங்காலுக்கு ஊசி போடுவதையே விட்டுவிட்டார். புதிதாக வருகிறவர்களிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார். சாட்சிக்குக் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்தார். குற்ற உணர்ச்சியில், தோள்பட்டை வலிக்கு மறுபடி அவரிடமே போக ஆரம்பித்தேன். ஒருநாள் போட்ட ஊசிகளை எடுத்துக்கொண்டே, "எங்கம்மா கடைசில பெத்த புள்ளைங்களையே மறந்து போனாங்க சார். எனக்கும் ஆரம்பிச்சிடுச்சோன்னு பயமா இருக்கு" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் கோழை. ஒவ்வொரு முறையும் உண்மையை ஒத்திகை பார்த்துக்கொண்டே போவேன், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

புதிதாக ஊசி சிகிச்சைக்குப் போகிறவர்களே, எறும்புக் கடிக்குப் பயப்படாதீர்கள். கேட்டதற்கு உண்மையை மறைக்கிற உங்கள் வாய்க்குப் பயப்படுங்கள்.

போன் வந்த செவ்வாய்க்கிழமை மதியம் மேடத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மாலையைக்கூடப் போடாமல் சபாபதி சாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "சார், மேடம் அன்னிக்குக் கேட்டாங்க. நான்தான் மாத்திரை இல்லன்னு பொய் சொன்னேன். அவங்க எதையும் மறக்கல." அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் கோபப்படவில்லை. "நாலு வருஷமா தினமும் எழுந்ததும் என் போன் நம்பரை எங்கிட்டயே ஒப்பிச்சுக் காட்டுவா சார். மறதி வந்துடுச்சான்னு பாக்கறதுக்கு. இன்னிக்கும் ஒப்பிச்சா" என்றார். "ஒரு நம்பர்கூடத் தப்பல."

நான் குனிந்து, கண்ணாடியில் நெற்றி படும்படி, மேடத்துக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னேன். நீங்கள் எதையும் மறக்கவில்லை மேடம். பயப்படாமல் போய் வாருங்கள்.