சிவப்புத் துணி கட்டிய விறகு

எங்கள் எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியின் பின்புறக் கொட்டகையில் யாரும் எரிக்காத விறகு ஓர் அடுக்கு இருந்தது. சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு, சில வரிசை ஆழத்துக்கு அடுக்கியது. அதைச் சுற்றிச் சிவப்புத் துணி. அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல், காய்ந்த எலுமிச்சம்பழம். அது முனியின் விறகு. மற்ற விறகெல்லாம் தேயிலை உலர்த்தும் அடுப்புக்குப் போகும். கீழேயிருந்து விறகு லோரி வந்தால், இறக்கிய முதல் கட்டையை அந்தக் கல்லுக்கு முன் வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் மற்றதை அடுக்குவார்கள்.

அப்பா ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. எவ்வளவு கொழுந்து வரும், அதைக் காயவைக்க எவ்வளவு விறகு வேண்டும், தூளை அடைக்கப் பை இருக்கிறதா, லோரியை எப்போது கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவர் கவலை. சித்தப்பாவுக்கு அடுப்படி வேலை. அண்ணன் சேர்த்துவைப்பதைத் தம்பி எரித்துத் தீர்க்கிறார் என்பது வீட்டில் பழைய கிண்டல்.

ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி ஓடாது. அன்று அப்பா மட்டும், "சாமிய பார்த்துட்டு வரேன்" என்று கொட்டகைக்குப் போவார். திரும்பும்போது சட்டையெல்லாம் மரத்தூளாக இருக்கும், உள்ளங்கையில் சிராய் ஏறியிருக்கும். அம்மா அதை ஊசியால் எடுத்தபடி, "சாமி கும்புட்டா கையில குத்துமா?" என்பார். அப்பா மறு கையை நீட்டுவார்.

நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது, ஓர் ஆண்டுக்கடைசி மழையில், எஸ்டேட்டுக்கு வரும் சாலையில், கோலா தெர்லாவுக்கு அப்பால் மலை சரிந்தது. விறகு லோரி மண்ணுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. டிரைவர் படம் எடுத்து அனுப்பியிருந்தார்: சாலை முழுக்கச் சிவப்புச் சேறு, அதில் பாதி புதைந்த ஒரு ஸ்ட்ராபெரிக் கடைப் பலகை. பள்ளி விடுமுறை. சாப்பாட்டுத் தூக்கோடு நான் கொட்டகையில் நின்றிருந்தேன்.

மழைக் கொழுந்து ஈரம் அதிகம், விறகைக் கூடுதலாகத் தின்னும். பல நாள் அப்படித் தின்று, கொட்டகையில் மற்ற விறகெல்லாம் தீர்ந்திருந்தது. உள்ளே அரைத்த இலை பரப்பிக் கிடந்தது. பச்சை மாறிச் சிவந்துவிட்ட இலை காத்திருக்காது. உடனே சூடு காட்டாவிட்டால் புளித்துப்போகும், அள்ளிக் கொட்ட வேண்டியதுதான். பை தட்டுப்பாடு வந்ததற்காக அப்பா ஏற்கெனவே ஒருமுறை எச்சரிக்கப்பட்டவர். இன்னொன்று நடந்தால் வேலையோடு எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். அது எனக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் அம்மா காலையிலிருந்து சமையலறைச் சாமான்களை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அடுக்க பிரிச்சிடலாம் தொரை," என்றார் அப்பா மேனேஜரிடம். "முன்னால இருக்கறது எரியும். உள்ள கரையான் தின்னுருக்கும். கெடச்ச வரைக்கும் பாப்போம்."

சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டார். "அண்ணே, வேற வேலை சொல்லுங்க லா. நீங்க பிரிச்சுட்டு வீட்டுல போய் தூங்குவீங்க. ராத்திரி அடுப்புகிட்ட தனியா நிக்கறது நான்."

"நான் எடுக்கறேன். நீ தூக்கிட்டு மட்டும் போ."

கொட்டகைக்குள் பனிமூட்டம் நுழைந்திருந்தது. அப்பா துணியை அவிழ்த்தார். கற்பூரம் ஏற்றவில்லை, கும்பிடவும் இல்லை. முன்வரிசைக் கட்டைகளைத் தன் வீட்டு அலமாரியைக் காலி செய்வதுபோல மளமளவென எடுத்துக் கொடுத்தார். பிறகு, மக்கியதை வாரக் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு, உள்வரிசைக்குக் கையை நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

உள்ளே கரையான் மண் இல்லை. ஓர் ஒட்டடைகூட இல்லை. கட்டைகளின் அறுத்த முகம் வெள்ளையாக இருந்தது. புதிதாக அறுத்த மர வாசனை என் வரைக்கும் வந்தது. அப்பா ஒரு கட்டையை இன்னொன்றின் மேல் தட்டினார். நன்றாகக் காய்ந்த விறகின் கணீர் ஓசை. அதற்கும் பின்வரிசையில் தட்டினார். அதே ஓசை.

"பாத்தீங்களா! முனி மக்க விடல," என்று சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பயந்து ஒதுங்கி நின்றவர்கள் எல்லாரும் ஓடிவந்து தூக்கினார்கள்.

அப்பா சித்தப்பாவின் தோளைப் பிடித்து, "நீ மாத்துனியா?" என்று கேட்டார்.

"நானா? கும்புடவே தள்ளி நின்னுதாண்ணே கும்புடுவேன்."

அடுப்பு அணையவில்லை. இலை தப்பியது, வீடும் தப்பியது.

இப்போது நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு இருப்பைப் பார்க்கிறேன். அவசரத்துக்கென்று கொஞ்சம் ஒதுக்கிவைப்பதும், ஒதுக்கியது கெடாமல் பழையதை எடுத்துப் புதியதை வைப்பதும் எங்கள் அன்றாட வேலை. ஒருநாள் அங்கே நின்றுகொண்டிருந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிராய்கள் நினைவுக்கு வந்தன. வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் கேட்டேன்.

"துணி நான் கட்டுனதுதான்மா. பிரிஞ்சாங் நைட் மார்க்கெட்டுல வாங்குனேன். அவசரத்துக்கு வச்சத ஆளாளுக்கு உருவி எரிச்சாங்க. சொன்னா கேக்கல. சாமின்னேன், கேட்டாங்க."

"அப்ப விறக மாத்துனதும் நீங்கதானே?"

"முன்வரிசைய மட்டும். தனி ஆளுக்கு அவ்வளவுதான் முடியும். நீ பொறக்கறதுக்கு முன்னால அடுக்குனதும்மா அது. உள்ள நான் கைய வச்சதே இல்ல."

அந்த மண்சரிவுக்குப் பிறகு சாலை திறந்து லோரி வந்த அன்றும் நான் கொட்டகைக்குப் போயிருந்தேன். அப்பா யாரையும் கூப்பிடாமல் அந்த அடுக்கைத் தாமே மறுபடி அடுக்கித் துணியைக் கட்டினார். கல்லுக்குமுன் கற்பூரம் ஏற்றினார். பிறகு அடுக்குக்கு முதுகைக் காட்டாமல், கைகூப்பியபடி பின்னோக்கியே நடந்து வாசலுக்கு வந்தார். வழியில் கிடந்த வாளியில் இடறித் தடுமாறினார், அப்போதும் திரும்பவில்லை. அது ஏதோ விளையாட்டு என்று எண்ணி, நான் கைதட்டிச் சிரித்தேன்.