சோகமாக நடத்த வேண்டிய கல்யாணம்

தாலியைக் கையில் எடுத்தாயிற்று. பூசாரி மணியை ஆட்டப்போகிறார். வாழை இலை போதாது என்று மேல் லயத்துக்குப் போயிருந்த செல்லம்மா அக்கா, அந்த நேரம் பார்த்து அங்கிருந்தே ஒரு கூப்பாடு போட்டார்.

"ஜீப்பூ...! ஜீப்பு வருதூ...!"

அடுத்த பத்து செக்கன். எங்கிருந்தோ பறந்து வந்தது ஒரு பெரிய போர்வை. மாப்பிள்ளை, பொண்ணு இரண்டு பேர் தலையிலும் விழுந்தது. மணவறையோடு சேர்த்து மூடிவிட்டார்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. என் சிநேகிதி திலகாவின் கல்யாணத்தில்.

ஏன் மூடினார்கள்? அதைச் சொல்ல மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும். பயப்படாதீர்கள், வேகமாகப் போய் வேகமாக வந்துவிடுவோம்.

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் குடியிருப்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, பின்னால் மலையில் ஒரு வெடிப்பு விழுந்தது. மண் சரியும், இறங்குங்கள் என்றார்கள். இருபத்திரண்டு குடும்பம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். விளையாட்டு மைதானத்தில் தகரக் கொட்டில்கள் போட்டுத் தந்தார்கள். புது வீடு வரும்வரைக்கும்... "மூணே மூணு மாசம்" என்றார்கள்.

இது மூன்றாவது வருஷம்.

மூன்று மாதத்தைத் தாங்குவது பெரிய வித்தை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். மூன்று வருஷம் பல்லைக் கடிக்க முடியுமா? பல் என்னத்துக்கு ஆகும்?

முதல் வருஷம் ஒரு கூட்டம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி கொடுக்க வந்தது. கொப்பி கிடைத்தால் பிள்ளைகள் சிரிக்கும்தானே? அதைப் படம் பிடித்து, 'சிரிக்கும் முகங்கள்' என்று ஃபேஸ்புக்கில் போட்டார்கள். அடுத்த கிழமை வீட்டு விஷயம் கேட்க டவுனுக்குப் போன முத்தையா மாமாவிடம், ஆபீசில் யாரோ ஒருவர் அந்தப் படத்தைக் காட்டி, "ஒகொல்லோ தெங் சந்தோசென் இன்னவானே!" என்றாராம். நீங்கள்தான் இப்போது சந்தோஷமாக இருக்கிறீர்களே!

முத்தையா மாமா திலகாவின் அப்பா. எங்கள் கொட்டில் கமிட்டியின் தலைவரும் அவர்தான். திரும்பி வந்தவர் வேட்டியைக்கூட மாற்றவில்லை. மைதானத்தின் நடுவில் நின்று சட்டம் போட்டார்.

"இனி ஒரு ஆளு வெளியாளுங்க முன்னாடி பல்லக் காட்டக் கூடாது. நம்மளப் பாத்தா அவங்களுக்கு 'பவ்'னு தோணனும். பவ்னு தோணுனாதான் வீட்டு பைலு நவுரும்."

சிங்களத்தில் பவ் என்றால் பாவம். அன்றிலிருந்து எங்கள் முழுநேர வேலை பவ்வாக இருப்பது.

பாலத்துப் பக்கம் ஆபீஸ் ஜீப் திரும்பினால் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் கூப்பாடு போடுவார்கள். உடனே கீழே ஆரம்பமாகிவிடும். டீவி மேல் போர்வை. ஜன்னல் சீலைகள் கழற்றப்படும். அந்தூரியம் பூச்சட்டிகள் கட்டிலுக்கு அடியில் போகும். பிள்ளைகள் பழைய சட்டைக்கு மாறும். பக்கத்துக் கொட்டில் சுப்பிரமணியம் அண்ணனுக்கு இதில் இயற்கையான திறமை... கன்னத்தில் கை வைத்து வாசலில் குந்திவிடுவார். ஒரு தடவை பார்க்க வந்த ஒரு நோனா, பெரிய இடத்து அம்மா, கண் கலங்கி, அவருக்கு மட்டும் தனியாக ஒரு பிஸ்கட் பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு மற்றவர்களுக்கு நிஜமாகவே சோகம் வந்தது.

சிரிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. எல்லாமே 'புது வீட்டுக்குப் போன பொறகு' என்று தள்ளிப்போனது. சுப்பிரமணியம் அண்ணன் மகளுக்குக் காது குத்தவில்லை. அவள் நர்சரிக்கே போய்விட்டாள். யாரும் ஒரு கறிவேப்பிலைக் கன்று நடவில்லை. நட்டால் அது வேர் விட்டுவிடுமாம்!

இந்த லட்சணத்தில்தான் நான் இரத்தினபுரிக்குப் போனேன். நீண்ட நெருக்கடியில் மனம் தளராமல் இருப்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி. சான்றிதழும் நாலு கலர் மார்க்கரும் தந்தார்கள். வந்த வேகத்தில் கூட்டம் கூட்டினேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் அலுப்போடு உட்கார்ந்தார்கள்.

"மூச்ச நல்லா உள்ள இழுங்க... மெதுவா வெளிய விடுங்க..."

"ஏன் மிஸ்," என்றார் செல்லம்மா அக்கா. "கூடையக் கட்டிக்கிட்டு அந்த மலையில ஏறுறப்ப நாங்க விடுறதுக்குப் பேரு என்னா? எனக்கும் ஒரு சர்ட்டிபிகேட்டு குடுங்களேன்."

ஒரே சிரிப்பு. நான் அடுத்த தாளுக்குத் தாவினேன். "தினமும் ஒரு சின்ன சந்தோஷமாவது..."

"அத மட்டும் சொல்லாத தாயி," என்று முத்தையா மாமா எழுந்தே விட்டார். "பைலு போயிரும்."

சரி, திலகாவுக்கு வருவோம். லயத்தில் இருந்தபோதே அவளுக்குப் பரிசம் போட்டாகிவிட்டது. மாப்பிள்ளை ஜெகன் புளத்கொகுபிட்டிய பக்கம், லொறி ஓட்டுகிறார். பரிசத்தன்று அவருடைய முடி நெற்றியில் வந்து விழும். அதை ஒதுக்கிவிட்டுக்கொண்டேதான் திலகாவைப் பார்த்தார். இப்போது ஒதுக்க ஒன்றும் இல்லை. அத்தனை நாள் காத்திருப்பு!

போன மாசம் மாப்பிள்ளையின் அம்மா ஃபோன் எடுத்தார். எங்களுடையது தகரச் சுவர். மாமா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டால் இருபத்திரண்டு குடும்பத்துக்கும் கேட்கும்.

"சம்பந்தி, ஒங்களுக்கு வீடு வர்ற வரைக்கும் எங்க புள்ள தலையில முடி நிக்காதுங்க. ஆனி முடியறதுக்குள்ள கல்யாணத்த வைக்கிறதுன்னா வைங்க. இல்லாட்டி ஆவணியில நாங்க வேற எடம் பாக்குறோம். கோவிச்சிக்காதீங்க."

அன்று பின்னேரம் கமிட்டிக் கூட்டம். பெண்கள் பக்கத்திலிருந்து திலகா எழுந்தாள். பலாங்கொடை டவுனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறவள், பேச்சுக்குக் குறைவில்லை.

"அப்பா, கல்யாணத்த வச்சிருவோம்."

"எங்க வைக்க? இந்தத் தகரத்துலயா?"

"ஆமா. இந்தத் தகரத்துலதான்."

"பந்தல் கட்டி, பாட்டுப் போட்டு, பலகாரம் சுட்டா பாக்கிறவன் என்னா நினைப்பான்? இதுங்க இங்கயே குடியேறிருச்சின்னு பைல மூடிருவான்." மாமாவின் குரல் இறங்கியது. "ஒன் ஒருத்திக்காக இத்தன குடும்பத்து வீட்ட நா காவு குடுக்கவா, சொல்லு?"

அவர் சாட்டுச் சொல்லவில்லை. மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

"வீடு வர்றப்ப வரட்டும்ப்பா," என்றாள் திலகா. "நீங்க கவலையா இருங்க, நா வேணாங்கல. என்னையும் ஏன் அந்த டூட்டியில போடுறீங்க?"

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று நாங்கள் எல்லோரும் பேசாமல் ஒத்துக்கொண்டோம்.

எனக்குக் கையும் காலும் பரபரத்தது. நாலு மார்க்கர் சும்மா கிடக்கிறதே! "சத்தமில்லாம வைப்போம் மாமா!" என்று குதித்துப் போய்த் தாளை ஒட்டினேன். பச்சையில் ஒரு திட்டம். பந்தல் கிடையாது. ஸ்பீக்கர் கிடையாது. மேளம் கிடையாது. விருந்தாட்கள் இரண்டிரண்டு பேராக, ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போவதுபோல வரவேண்டும். ரோட்டிலிருந்து பார்த்தால் ஏதோ கொஞ்சம் பேர் மூலையில் உட்கார்ந்து வருத்தப்படுவது மாதிரித் தெரிய வேண்டும்.

"இது கல்யாணமா, செத்த வீட்டு எட்டுக்கும்பிடா?" என்று கேட்டார் செல்லம்மா அக்கா. கமிட்டி அவரைத் தவிர்த்து ஏகமனதாக நிறைவேற்றியது.

ஒரே ஒரு ஆளுக்கு இந்தத் திட்டத்தைச் சொல்ல நான் மறந்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்கு.

ஞாயிறு காலை, புளத்கொகுபிட்டியவிலிருந்து ஒரு முழு பஸ் வந்தது. ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. அதன் கூரையில் ஸ்பீக்கர் பெட்டி. கதவில் தொங்கிக்கொண்டு இரண்டு பேர் தப்பு அடிக்கிறார்கள். முத்தையா மாமா பஸ்ஸுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்தார். அவர் ஆடுகிறார் என்று நினைத்து நாலு பேர் இறங்கி வந்து அவரோடு சேர்ந்து ஆடினார்கள்!

அதன் பிறகு என்ன சத்தமில்லாத கல்யாணம்? மூன்று வருஷமாக அடக்கி வைத்த கால்கள். சுப்பிரமணியம் அண்ணன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அவர் மனைவியே, "இது யாரு?" என்று கேட்டார்.

ஆடிக்கொண்டே மணவறைக்கு வந்து, தாலியைக் கையில் எடுத்தோம். அப்போதுதான் ஜீப்.

கடும் மழை வருகிறது என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. அதனால் ஞாயிறென்றும் பாராமல் கொட்டில்களைப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறார் எங்கள் வீட்டு பைலைப் பார்க்கிற அதிகாரி மாத்தியா. எங்களுக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஜீப் வந்தால் பளபளப்பாக இருப்பதை மூட வேண்டும். அன்றைக்குப் பளபளப்பாக இருந்தது மணமக்கள்தான்.

மாத்தியா இறங்கி வந்தார். தப்பு நின்றது. பாட்டு நின்றது. பட்டு வேட்டியோடும் சந்தனத்தோடும் சுப்பிரமணியம் அண்ணன் கன்னத்தில் கை வைத்துக் குந்தியிருக்கிறார். நூற்றைம்பது பேர் தலையைக் குனிந்து நிற்கிறோம். நடுவில் ஒரு போர்வை. அதற்குள் ஏதோ அசைகிறது.

"மே மொகக்த?" என்றார் மாத்தியா. இது என்ன?

"மொகுத் நே மாத்தியா," என்றார் முத்தையா மாமா. ஒன்றுமில்லையாம்! சொந்த மகளின் கல்யாணம்!

"ஒண்ணுமில்லியா?" என்று மாப்பிள்ளையின் அம்மா பாய்ந்து வந்தார். "நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு! எவ அவ போர்வையப் போட்டது?" இழுத்து எறிந்தார். உள்ளே திலகா சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். ஜெகன் மட்டும் கண்ணை மூடி, கைகூப்பி, பக்தியாகக் குனிந்திருந்தார். எங்கள் பக்கத்துச் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்தாராம். பாவம், நல்ல மனுஷன்.

முத்தையா மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னிக்கு மட்டுந்தாங்க மாத்தியா! பன்னெண்டு மணி வரைக்குந்தான் சந்தோசம். அதுக்கப்பறம் நாங்க பழையபடி பவ்!"

மாத்தியா அவரையே பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"முத்தையா, ஃபோர்ம்ல அதுக்கு எடம் இல்லை."

"எதுக்குங்க?"

"சிரிக்கிறது, அழுறது... ரெண்டுக்கும் எடம் இல்லை. புது வீட்டுக் காணி அளந்ததா, அளக்க இல்லையா. அவ்வளவுதான் கேக்குறது. இன்னும் அளக்க இல்லை."

"அப்ப... நாங்க டீவிய மூடி வச்சதெல்லாம்?"

"டீவி இருக்கிறது எனக்கு தெரியும்தானே. கூரை மேல டிஷ் இருக்கு."

மூன்று வருஷம்! டீவியை மூடினோம், பூவை ஒளித்தோம், பிள்ளையின் காதைக் குத்தாமல் விட்டோம்... ஒருத்தருக்குக்கூட அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. முதலில் சிரித்தது திலகா. பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. முத்தையா மாமா மட்டும் இப்போது அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு மகளிடம் போய், கலைந்திருந்த மாலையைச் சரி செய்துவிட்டு, பூசாரியைப் பார்த்து அதட்டினார். "என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மணிய ஆட்டுங்க!"

நல்ல நேரம் முடியச் சில நிமிஷம் இருக்கும்போது தாலி ஏறியது. கூடவே எச்சரித்த மழையும் வந்தது. மாத்தியாவால் கிளம்ப முடியவில்லை. எங்களோடு இலை போட்டு உட்கார்ந்தார். கூரை ஒழுகி அவருடைய சாம்பாரில் சொட்டியது. நாங்கள் யாரும் அவரை இடம் மாற்றி உட்காரச் சொல்லவில்லை. அதையும் கொஞ்சம் ருசி பார்க்கட்டுமே!

வீடு வந்துவிட்டதா? இல்லை. எங்கள் அழுகையால் பைல் ஒரு அங்குலம் நகரவில்லை. கல்யாணத்தால் ஒரு அங்குலம் பின்னுக்கும் போகவில்லை. பாடுபடுகிறவன் பாடுபடுகிறவனாகத் தெரியவும் வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னது? இன்னும் எத்தனை நாளைக்கு இந்தத் தகரம் என்று தெரியாதபோது, சிரிப்பையும் சேர்த்துக் கட்டிவைத்தால் அதைப் பிறகு எந்த மூட்டையில் தேடுவது?

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. காணியை அளக்கச் சொல்லிக் கேட்டு, இந்த முறை இருபத்திரண்டு குடும்பமும் ஒப்பமிட்டு ஒரு லெட்டர். எழுதும் வேலை எனக்கு. முத்தையா மாமா பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் கடுமையா எழுது தாயி, இன்னும் கடுமையா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து பார்த்தால், கையில் திலகா கட்டிக் கொடுத்துவிட்டுப் போன லட்டு. வாயெல்லாம் பல்.

கோபம் லெட்டரில் இருந்தால் போதுமே... மூஞ்சியில் எதற்கு இன்னொரு போட்டோ கொப்பி?